கவிதை எனக்குக் காதுலதான் கேக்குது, அதை லிட்ரேச்சர் பேப்பர்ல எப்படி எழுதறது?

மிருதங்கப்புள்ள:

எல்லாருக்கும் வணக்கம். நான் சிங்கப்பூர்ல செக் 3 (செகண்டரி ஸ்கூல்ல மூணாவது வருஷம்). இங்க பெரியவங்கதான் அதிகமா எழுதுவீங்கன்னு தெரியும், அம்மாதான் "அங்க லிட்ரேச்சர் படிச்ச அக்காங்க, டீச்சருங்க எல்லாம் இருக்காங்க, கேட்டுப் பாரு"ன்னு சொன்னாங்க. தமிழ்ல டைப் பண்றது எனக்குக் கொஞ்சம் ஸ்லோ, எழுத்துப்பிழை இருந்தா கண்டுக்காதீங்க.

நான் பியூர் லிட் (லிட்ரேச்சரை முழுப் பாடமாப் படிக்கிறது) எடுத்திருக்கேன். எங்க லெவல்ல பியூர் லிட் எடுத்தவங்க கொஞ்சப் பேர்தான், மத்தவங்க எல்லாம் ஜியாகிரபி, ஹிஸ்டரின்னு போயிட்டாங்க. எங்க பேட்ச்தான் 2027ல ஓ லெவலுக்குப் பதிலா எஸ்இசிங்கிற புது எக்ஸாம் எழுதப்போற முதல் பேட்ச், அதனால வீட்டுல ஏற்கெனவே டென்ஷன், இதுல நான் லிட் எடுத்தது வேற அப்பாவுக்குப் பிடிக்கல.

விஷயம் என்னன்னா எனக்கு இங்கிலீஷ் கிளாஸ் ரொம்பப் பிடிக்கும், ஆனா மத்தவங்களுக்குப் பிடிக்கிற காரணத்துக்காக இல்ல. கேரக்டர், தீம், அதெல்லாம் ஓகே, அதுக்கு நோட்ஸ் இருக்கு. எனக்குப் பிடிக்கிறது மிஸ் சத்தமாப் படிக்கிறப்போ. ரீசஸ் முடிஞ்ச உடனே வர்ற பீரியட், பாதிப் பேர் மீ சியாம் சாப்பிட்ட மயக்கத்துல இருப்பாங்க, மேல ஃபேன் கடகடன்னு சுத்தும், அந்தச் சத்தத்துக்கு மேல மிஸ் ஷேக்ஸ்பியரோட மேக்பெத் நாடகத்தைப் படிப்பாங்க. முதல் சீன்ல மூணு சூனியக்காரிங்க வருவாங்கல்ல, அவங்க போகும்போது "ஃபேர் இஸ் ஃபவுல், அண்ட் ஃபவுல் இஸ் ஃபேர்"னு ஒரு லைன் சொல்வாங்க. அதைக் கேட்ட உடனே என் விரல் தானா டேபிள் ஓரத்துல வாசிக்க ஆரம்பிச்சிருச்சு, தோம் த தோம் த தோம் த தோம், அப்புறம் ஒரு கார்வை (சத்தமில்லாத இடைவெளி). எண்ணிப் பார்த்தா ஏழு அசைதான் இருக்கு, எட்டாவது இடம் காலி. ஆனா அந்தக் காலி இடம் எனக்குச் சத்தமா கேக்குது!! பக்கத்துல இருந்தவ "ஏய் டேபிள ஆட்டாத லா"ன்னு முறைச்சா.

(பிரைமரி 3லேர்ந்து மிருதங்கம் கத்துக்கறேன், அதான் இந்த வியாதி.)

அப்புறம் கிளாஸ் டெஸ்ட்ல அதே சீன் பேசேஜா வந்துச்சு. சூனியக்காரிங்களை எப்படிப் பயமுறுத்தற மாதிரி காட்டறாருன்னு கேள்வி. நான் ஜாலியா அந்தத் தாளத்தைப் பத்தியே அரைப் பக்கம் எழுதினேன், எத்தனை அடி, எங்க அழுத்தம், எங்க காலின்னு எல்லாம். மிஸ் ஓரத்துல சிவப்பு மையில "ஸோ வாட்?"னு மட்டும் எழுதி 25க்கு 12 போட்டுட்டாங்க. அப்பா அதைப் பார்த்துட்டு "பாட்டு வேற படிப்பு வேற, தாளம் போட்டா மார்க் வருமா"ன்னு ஆரம்பிச்சிட்டாரு.

இன்னொன்னும் இருக்கு. அடுத்த வாரம் கிளாஸ்ல ஆளுக்கு 5 நிமிஷம் பிரசன்டேஷன், நமக்கு முக்கியமான ஒரு டெக்ஸ்ட்டைப் பத்தி பேசணும், பாட்டும் எடுக்கலாம், எந்த மொழின்னாலும் ஓகே, விளக்கம் மட்டும் இங்கிலீஷ்ல இருக்கணும்னு மிஸ் சொல்லியிருக்காங்க. நான் பாட்டு எடுக்கறேன்னு சொன்ன உடனே ஒருத்தன் "பாட்டெல்லாம் லிட்ரேச்சர் இல்ல, மியூசிக்க எடுத்துட்டா லிரிக்ஸ் சும்மா கிரிஞ்ச்"னான். கோவம் வந்துச்சு, ஆனா வீட்டுக்கு வந்து எனக்குப் பிடிச்ச ரெண்டு மூணு பாட்டோட வரிங்கள பேப்பர்ல எழுதிப் பார்த்தேன், அவன் சொன்னதுல பாதி உண்மை போலத்தான் இருக்கு, அதான் இன்னும் கடுப்பு.

காதுல கேக்கறத எப்படி மார்க் வர்ற மாதிரி எழுதறது? பாட்டு லிட்ரேச்சரா இல்லையா? யாராச்சும் சொல்லுங்க ப்ளீஸ்.


பிடோக்_அக்கா:

ஹாய் மா. நான் ஓ லெவல்ல பியூர் லிட், ஜூனியர் காலேஜ்லயும் லிட், அதனால இந்தச் சிவப்பு மை எனக்கு நல்லாப் பழக்கம்.

முதல்ல ஒண்ணு, உங்க மிஸ் "ஸோ வாட்"னு எழுதினது திட்டு இல்ல. இது தப்புன்னு நினைச்சிருந்தா கிராஸ் போட்டிருப்பாங்க. "நீ சொல்றது சரி, அதுனால என்ன ஆகுது, அதைச் சொல்லு"ன்னு கேக்கறாங்க. கேள்வியைத் திரும்பப் படி, எப்படிப் பயமுறுத்தற மாதிரி காட்டறாருன்னுதானே கேட்டிருக்கு, நீ தாளம் எப்படி இருக்குன்னு எழுதிட்டு பயத்தை மறந்துட்ட. நீ பிடிச்ச பாயின்ட் சூப்பர் பாயின்ட் லா, எங்க கிளாஸ்ல யாரும் பிடிச்சதில்ல. அதை ஒரு ஸ்டெப் நகர்த்து. எட்டாவது இடம் காலின்னா, கேக்கறவன் காது அதுக்காகக் காத்துக்கிட்டு இருக்கு, வரல. ஒவ்வொரு வரி முடிவுலயும் ஏதோ ஒண்ணு வெட்டிப்போன மாதிரி இருக்கு. அதோட அந்த வரி சொல்றது என்ன, நல்லது கெட்டது, கெட்டது நல்லது, எல்லாம் தலைகீழ். அர்த்தம் காலுக்குக் கீழ தரையை உருவுது, சத்தமும் கடைசி அடியில தரையை உருவுது. இந்த ரெண்டையும் சேர்த்து மூணு நாலு வாக்கியம் எழுதினா போதும், அரைப் பக்கம் வேணாம். மிச்ச இடத்துல இடி மின்னல், மூடுபனி, அவங்க ஒரே குரல்ல சேர்ந்து பேசறது, இதெல்லாம் எழுது. சத்தத்தைப் பத்தி மட்டும் எழுதின ஆன்சர் எவ்வளவு புத்திசாலித்தனமா இருந்தாலும் ஒத்தக் கால்லதான் நிக்கும்.

பீல் ஃபார்முலாவ பத்தி நீ கேக்கல, ஆனாலும் சொல்றேன். பாயின்ட், எவிடென்ஸ், எக்ஸ்பிளனேஷன், லிங்க்னு உங்களுக்கும் மனப்பாடம் பண்ண வெச்சிருப்பாங்க. எனக்கு அது பிடிக்காது, எழுதறது எல்லாம் ஒரே மாதிரி ஆயிடும். ஆனா எக்ஸாம் ஹால்ல மூளை வேலை செய்யாத அன்னைக்கு அதுதான் காப்பாத்தும், அதனால தூக்கிப் போட்டுடாத.

அன்சீன்ல (முன்னாடி படிக்காத கவிதை வர்ற பகுதி) ஒரு விஷயம் ஞாபகம் வெச்சுக்கோ. வர்ற கவிதைங்க பெரும்பாலும் இந்தக் காலத்து ஃப்ரீ வெர்ஸ் (தாளக் கட்டு இல்லாத புதுக்கவிதை), அதுல போயி தாளம் தேடினா கிடைக்காது, இல்லாத தாளத்தைக் கண்டுபிடிச்சு எழுதற ஆபத்தும் உனக்கு உண்டு (மிருதங்கக் கை!). அங்க நீ கேக்க வேண்டியது வரி எங்க உடையுது, மூச்சு எங்க நிக்குது, எந்த வரி திடீர்னு குட்டையாகுது, அதுதான்.


கோப்பி_ஓ_கோசோங்:

பாப்பா, அங்கிள் நேராப் பேசறவன், கோவிச்சுக்காத. லிட்ரேச்சர் படிச்சு என்ன வேலைக்குப் போவே? எங்க காலத்துல இங்கிலீஷ் நல்லா வந்தா ஆபீஸ் வேலை, அவ்ளோதான் கணக்கு. கவிதைய எண்ணிக்கிட்டு இருந்தா ஏ மேத்ஸ் யாரு எண்ணுவா? அப்பா சொல்றதைக் கேளு. மிருதங்கம் நல்ல விஷயம், விடாத, ஆனா அது சனி ஞாயிறு.


பிடோக்_அக்கா:

அங்கிள், அந்தப் பொண்ணு லிட் எடுக்கலாமா வேணாமான்னு கேக்கவே இல்ல, எடுத்தாச்சு. இப்படி ஆளாளுக்குச் சொல்லிச் சொல்லித்தான் பியூர் லிட் எடுக்கிற ஆளுங்க வருஷா வருஷம் குறைஞ்சு 2013ல பார்லிமென்ட்ல கேள்வி கேக்கற அளவுக்குப் போச்சு. நான் இப்ப சம்பளத்துக்கு எழுதற ரிப்போர்ட் எல்லாம் அந்த "ஸோ வாட்" சொல்லிக் கொடுத்ததுதான்.


கோப்பி_ஓ_கோசோங்:

சரி சரி, கோப்பி குடிச்சிட்டு வரேன்.


பழைய_வாத்தியார்:

அம்மாடி, நான் ரொம்ப வருஷம் செகண்டரி ஸ்கூல்ல இங்கிலீஷும் லிட்ரேச்சரும் சொல்லிக் கொடுத்து ரிட்டயர் ஆனவன். உன் கேள்வியப் படிச்சதும் சந்தோஷமா இருந்துச்சு, ஏன்னு சொல்றேன்.

மீட்டர், அதாவது கவிதையோட தாளக் கட்டு, நடத்தறதுதான் எனக்கு எப்பவும் பெரிய தலைவலி. இங்கிலீஷ் கவிதையோட தாளம் அழுத்தத்துல இருக்கு, ஒரு அசை ஓங்கி ஒலிக்கும், பக்கத்து அசை அமுங்கும். ஆனா நம்ம ஊர்ல நாம பேசற இங்கிலீஷ் அப்படி இல்ல. சீனரோ மலாய்க்காரரோ தமிழரோ, ஒவ்வொரு அசைக்கும் ஏறக்குறைய ஒரே நேரம் கொடுத்து, டக் டக் டக்னு சமமாப் பேசுவோம். அதுல குறை ஒண்ணும் இல்ல, அது நம்ம பேச்சோட தாளம், மொழியியல்காரங்களே அதைப் பத்தி நிறைய எழுதியிருக்காங்க. ஆனா அந்தக் குரல்ல ஷேக்ஸ்பியரைப் படிச்சா ஏத்த இறக்கம் எல்லாம் இஸ்திரி போட்ட மாதிரி தட்டையாயிடும், பிள்ளைங்களுக்கு மீட்டர் காதுல விழவே விழாது, அப்புறம் போர்டுல கோடு கோடாப் போட்டுக் காட்டி அதை ஒரு கணக்குப் பாடமா மாத்த வேண்டியதுதான். உனக்கு மிருதங்கம் இருக்கறதால நேரா காதுல விழுது. பாதி வேலை முடிஞ்சுது.

இப்ப மிச்சப் பாதி. சூனியக்காரிங்க வரியில அழுத்தம் முதல் அசையில விழுதுன்னு நீயே கண்டுபிடிச்சிட்ட. அந்த நாடகத்துல பிரபுக்கள் பேசறது வேற நடை, பத்து அசை, அஞ்சு அழுத்தம், மெல்ல ஆரம்பிச்சு ஓங்கும், த தோம் த தோம் த தோம் த தோம் த தோம். இதை மனசுல வெச்சுக்கிட்டு முதல் அங்கம் மூணாவது காட்சிக்குப் போ. மேக்பெத் மேடைக்கு வர்றான், நாடகத்துல அவன் பேசற முதல் வரி என்ன? "ஸோ ஃபவுல் அண்ட் ஃபேர் எ டே ஐ ஹேவ் நாட் ஸீன்." சூனியக்காரிங்கள அவன் அதுவரைக்கும் கண்ணாலகூடப் பார்க்கல. ஆனா அவங்க சொன்ன அதே ரெண்டு வார்த்தை அவன் வாயில வருது. அதுவும் எப்படி, முன்னால ஒரு "ஸோ" சேர்ந்துக்கிட்டு, அவங்க தாளம் அவனோட பத்தசை நடைக்குள்ள நுழைஞ்சு உக்காந்துக்குது. ஊருக்குள்ள விஷம் எப்படி வருதுன்னா இப்படித்தான் வருது, மாறுவேஷம் போட்டுக்கிட்டு. உன் "ஸோ வாட்"டுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது. வார்த்தை திரும்ப வர்றத எல்லாப் பிள்ளைங்களும் எழுதும், நோட்ஸ்லயே இருக்கும். நடை மாறி வர்றத உன்னை மாதிரி ஒண்ணு ரெண்டு பேர்தான் எழுத முடியும்.

இன்னும் ஒண்ணு, அஞ்சாவது அங்கம் வர்றப்போ கேட்டுப் பாரு. லேடி மேக்பெத் ஆரம்பத்துல எவ்வளவு கம்பீரமாப் பேசினவ, எல்லாம் அந்தப் பத்தசை நடையில. தூக்கத்துல நடக்கிற காட்சியில அவ பேசறது உரைநடை. மீட்டர் இல்ல. வார்த்தை துண்டு துண்டா வருது. அவ மனசு உடைஞ்சுபோச்சுன்னு வேற யாரும் சொல்லவே வேண்டாம், காதே சொல்லிடும். குடிச்சிட்டுக் கதவு திறக்க வர்ற காவல்காரன் பேசறதும் உரைநடைதான், ஆனா அது வேற காரணம், அங்க சிரிப்புக்காக. அதனால உரைநடைன்னா பைத்தியம்னு ஒரே சூத்திரமா மனப்பாடம் பண்ணிடாத, இடம் பார்த்துச் சொல்லணும்.


தாளக்காரன்:

வாத்தியார் ஐயா, அருமை. அந்த "ஸோ" விஷயத்துக்கு எங்க பக்கத்துலேர்ந்து ஒண்ணு சொல்லலாமா? மிருதங்கம் வாசிக்கிற புள்ளைக்கு ஒரு நொடியில புரியும். பாப்பா, உங்க சார் எடுப்பு (தாளத்துல பாட்டு ஆரம்பிக்கிற இடம்) சொல்லிக் கொடுத்திருப்பார்ல? தாளம் விழறதுக்கு முன்னாடியே பாட்டு ஆரம்பிச்சா அதீத எடுப்பு, தாளம் விழுந்து தள்ளி ஆரம்பிச்சா அநாகதம். சூனியக்காரிங்க சமத்துல எடுக்கறாங்க, நங்குன்னு முதல் அடியிலயே. மேக்பெத் அதீதத்துல எடுக்கறான், "ஸோ" முன்னாடியே வந்துடுது, அடி "ஃபவுல்"ல விழுது. கையில தாளம் போட்டு ரெண்டையும் சொல்லிப் பாரு, வித்தியாசம் தொடையில தெரியும். (எக்ஸாம் பேப்பர்ல அதீத எடுப்புன்னு எழுதிடாதம்மா, கேம்பிரிட்ஜ்ல முழிப்பாங்க.)

ஆனா ஒரு எச்சரிக்கை. தமிழ்ப் பாட்டையும் இங்கிலீஷ் பாட்டையும் ஒரே கோலால அளக்காத. நமக்குக் கணக்கு நீளத்துல, குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு ரெண்டு, நேர் நிரைன்னு பிரிக்கிறதும் அதை வெச்சுத்தான். இங்கிலீஷ்காரனுக்குக் கணக்கு அழுத்தத்துல, அசை நீளமா குட்டையாங்கிறது அவனுக்கு ரெண்டாம்பட்சம். தமிழ் கிளாஸ்ல வெண்பாவுக்கு சீர் பிரிச்ச கையோட போயி ஷேக்ஸ்பியருக்குத் தேமா புளிமா போட்டா எல்லாம் குழம்பிடும். என்கிட்ட வாசிக்க வர்ற பிள்ளைங்க இங்கிலீஷ் ரைம் பாடும்போது இதைப் பார்த்திருக்கேன், அழுத்தம் விழ வேண்டிய இடத்தை விட்டுட்டு நெடில் எங்க இருக்கோ அங்க இழுப்பாங்க.

நம்ம பக்கத்துல உனக்கு ஒத்தாசையா இருக்கப்போறது சந்தம். திருப்புகழ் புஸ்தகம் வீட்டுல இருந்தா எடுத்துப் பாரு, பாட்டுக்கு மேல "தத்த தனதன"ன்னு சந்தக்குழிப்பு அச்சடிச்சிருக்கும். அர்த்தத்துக்கு முன்னால சத்தத்தோட வார்ப்பு. அருணகிரிநாதர் காலத்துலேர்ந்து சினிமா வரைக்கும் அதுதான் நடக்குது, மியூசிக் டைரக்டர் மெட்டைத் தத்தகாரமாப் பாடிக் காட்டுவார், கவிஞர் அதுக்கு மேல வார்த்தை உக்கார வைப்பார். இங்கதான் பாட்டு லிட்ரேச்சரான்னு நீ கேட்டதுக்கு என் பதில். மெட்டுக்கு எழுதின வரியை மெட்டை உருவிட்டுப் பேப்பர்ல போட்டா நொண்டத்தான் செய்யும், ஏன்னா அது தனியா நிக்கறதுக்காகச் செஞ்சதே இல்ல. உங்க கிளாஸ் பையன் சொன்னது சரி, ஆனா அதுலேர்ந்து அவன் எடுத்த முடிவு தப்பு. பேப்பர்ல நிக்கலைன்னா எழுதினவர் மட்டம்னு ஆகாது, பாதியைப் பிச்சுக் கையில வெச்சுக்கிட்டு அதைக் குறை சொல்றது நியாயமே இல்ல.


பழைய_வாத்தியார்:

முதல் பாதி ஒத்துக்கறேன், நீளம் அழுத்தம் வித்தியாசத்தை நான் சொல்லாம விட்டேன், நீங்க சொன்னது நல்லதாப் போச்சு. ரெண்டாவது பாதியில எனக்குச் சந்தேகம். மெட்டில்லாம நிக்கிற பாட்டும் இருக்கே. தாகூர் தன் பாட்டுங்கள தானே இங்கிலீஷ் உரைநடையா மாத்தினாரு, ராகமும் கிடையாது எதுகையும் கிடையாது, அது 1912ல லண்டன்ல அச்சாச்சு, அடுத்த வருஷமே நோபல். கொடுத்தவங்கள்ல எத்தனை பேர் அந்தப் பாட்டைக் காதால கேட்டிருப்பாங்க சொல்லுங்க?


தாளக்காரன்:

ஐயா, வங்காளிங்ககிட்ட கேட்டுப் பாருங்க, அந்த இங்கிலீஷைப் படிச்சுட்டு "இது பாட்டோட எலும்பு"ன்னுதான் சொல்வாங்க 😄 2016ல பாப் டிலனுக்குக் கொடுத்தாங்களே, அவரே 2017ல நோபல் உரையில என்ன சொன்னாரு? பாட்டு இலக்கியம் மாதிரி கிடையாது, பாடறதுக்குத்தான், படிக்கிறதுக்கு இல்லன்னு. பரிசு வாங்கினவரே என் கட்சி.


பழைய_வாத்தியார்:

அதே பேச்சுல ஷேக்ஸ்பியரும் மேடையில நடிக்கத்தான் எழுதினாரு, தாள்ல படிக்க இல்லன்னும் சொன்னாரு. அப்ப ஷேக்ஸ்பியரையும் லிட்ரேச்சர் பேப்பர்லேர்ந்து எடுத்துடலாமா?


தாளக்காரன்:

அடடா. அது பாயின்ட்தான்.


மிருதங்கப்புள்ள:

ஐயோ எல்லாரும் இவ்ளோ எழுதியிருக்கீங்க, தேங்க்ஸ், ரெண்டு தடவை படிச்சேன். வாத்தியார் தாத்தா சொன்ன மேக்பெத் வரியை உடனே வாசிச்சுப் பார்த்தேன், உடம்பு சிலிர்த்துருச்சு. தாளக்காரன் அங்கிள் சொன்ன மாதிரி ரெண்டையும் தொடையில போட்டா, "ஃபவுல்" ரெண்டுலயும் நங்குன்னு விழுது ஆனா வர்ற வழி வேற. தங்கச்சி "அக்காவுக்குப் பேய் பிடிச்சிருச்சு"ன்னு அம்மாகிட்ட போட்டுக் கொடுத்துட்டா.

பிடோக் அக்கா, நீங்க சொன்னபடி அந்த டெஸ்ட் ஆன்சரைத் திரும்ப எழுதினேன், மிஸ் கேக்கல, சும்மா நானே. இங்கிலீஷ்ல எழுதினதோட சாரம் இதான்: சூனியக்காரிங்களோட வரி முதல் அடியிலயே ஓங்கி ஆரம்பிக்குது, மந்திரம் ஓதற மாதிரி, யோசிக்க நேரமே கொடுக்கல, கடைசி அசை வராம நிக்கறதால நாம எதிர்பார்த்த ஒண்ணு நம்மகிட்டேர்ந்து பிடுங்கப்படுது, அது நல்லது எது கெட்டது எதுங்கிற நிச்சயத்தை அவங்க பிடுங்கறதோட சேர்ந்து போகுது, அதனால பயம் அவங்க சொல்ற விஷயத்துல மட்டும் இல்ல, அவங்க சொல்ற விதத்துலயும் இருக்கு. ஓகேவா? இதுக்கு மேல மேக்பெத்தோட வரியைப் பத்தி எழுதலாமா, பேசேஜ்ல அது இல்லையே?

பிரசன்டேஷனுக்குத்தான் இன்னும் பாட்டு முடிவாகல. சினிமாப் பாட்டு எடுத்தா அவன் திரும்ப கிரிஞ்ச்னு ஆரம்பிப்பான். திருப்புகழ் எடுத்தா அர்த்தம் சொல்லவே 5 நிமிஷம் போயிடும்.


பிடோக்_அக்கா:

சூப்பரா இருக்கு மா, "யோசிக்க நேரமே கொடுக்கல" அந்த இடம் ரொம்ப நல்லா வந்திருக்கு. "சேர்ந்து போகுது"ங்கிறத மட்டும் இன்னும் கூர்மையா எழுது, எப்படிச் சேருதுன்னு. பேசேஜ் கேள்வின்னா பேசேஜுக்குள்ளயே இரு, வெளிய இருக்கற வரியை ஒரு வாக்கியத்துல தொட்டுட்டு ஓடி வந்துடு. முழு நாடகத்தைப் பத்தின எஸ்ஸே கேள்வி வந்தா அப்ப மேக்பெத் வரியை வெச்சு விளையாடு.


கோப்பி_ஓ_கோசோங்:

கோப்பி குடிச்சிட்டு வந்தேன், எல்லாத்தையும் படிச்சேன், பாதி புரிஞ்சுது.

பாப்பா பாட்டுக்கு அங்கிள் ஒரு ஐடியா சொல்றேன். முன்னேறு வாலிபா எடு. நம்ம ஊரு ஜேசுதாசன் 60கள்ல போட்ட பாட்டு, தேசிய தினத்துக்குத் தேசிய தினம் கேக்கறோம். நான் ஆர்மில இருந்தப்போ என் பிளட்டூன்ல சீனன், மலாய்க்காரன், எல்லாவனும் அதை முழுசாப் பாடுவான், ஒரு வார்த்தைக்கு அர்த்தம் தெரியாது. என்கிட்ட கேட்டதும் கிடையாது! அர்த்தமே தெரியாம ஒரு தமிழ்ப் பாட்டை இத்தனை பேரு மனப்பாடமாப் பாடறாங்கன்னா அது எதைப் பிடிச்சுக்கிட்டு அவன் மண்டைக்குள்ள போச்சு? நீங்க எல்லாரும் மூணு நாளா பேசிக்கிட்டு இருக்கறது அதானே?

உங்க கிளாஸ்ல எல்லாருக்கும் பாட்டு தெரியும். முதல்ல அவங்களையே பாடச் சொல்லு. அப்புறம் என்ன பாடினீங்கன்னு தெரியுமான்னு கேளு.


தாளக்காரன்:

அண்ணே, கோப்பி கடையில என்ன போட்டுக் கொடுத்தாங்க? இது பிரமாதம்!


பழைய_வாத்தியார்:

நான் இன்னும் கிளாஸ்ல இருந்திருந்தா இதைத் திருடியிருப்பேன். அம்மாடி, ஒண்ணே ஒண்ணு. பாடி முடிச்சதும் வரிங்களோட இங்கிலீஷ் அர்த்தத்தை ஸ்கிரீன்ல போட்டு, அவங்களைச் சத்தம் இல்லாம படிக்கச் சொல்லு, அப்புறம் திரும்பப் பாடச் சொல்லு. ரெண்டாவது தடவை பாடும்போது என்ன மாறுச்சுன்னு கேளு. ஒண்ணும் மாறலன்னு சொன்னா அதுவும் நல்ல பதில்தான், ஏன்னு தோண்டு. பாட்டு லிட்ரேச்சரா இல்லையான்னு நீ தீர்ப்பு சொல்ல வேண்டாம், உங்க கிளாஸே அடிச்சுக்கட்டும்.


மிருதங்கப்புள்ள:

வாவ், எனக்கு ஏன் இது தோணல! கோப்பி அங்கிள் நீங்க லிட் எடுத்திருக்கணும் 😂

மிருதங்கம் எடுத்துட்டுப் போலாமா? ஸ்கூல் பேக் வேற இருக்கு, காலைல பஸ்ல கூட்டம். டேபிள்லயே தட்டினா போதுமா?


பிடோக்_அக்கா:

டேபிளே போதும், எப்படியும் ஆட்டத்தானே போற. 5 நிமிஷம்தான், ரெண்டு தடவை பாடினாலே ரெண்டு நிமிஷம் போயிடும், அதனால முழுப் பாட்டு வேணாம், முதல் பகுதி மட்டும் எடு. கேள்வி கேக்க ஒரு நிமிஷமாவது விட்டு வை. அர்த்தத்தை நெட்லேர்ந்து அப்படியே எடுக்காத, அம்மாவோட உக்காந்து நீயே இங்கிலீஷ்ல எழுது.


தாளக்காரன்:

முதல் தடவை பாடும்போது தாளம் போடாத. ரெண்டாவது தடவை மட்டும் போடு. ரெண்டும் ஒரே மாதிரி இருந்தா என்ன மாறுச்சுன்னு உனக்கே தெரியாது... இல்ல இரு, வாத்தியார் அர்த்தத்தை மாத்தச் சொல்றார், நான் தாளத்தை மாத்தச் சொல்றேன், ரெண்டையும் ஒண்ணா மாத்தினா எதுனால மாறுச்சுன்னு குழம்பும். வாத்தியார் சொன்ன மாதிரியே செய்.


மிருதங்கப்புள்ள:

ஓகே ஓகே, தாளம் ரெண்டு தடவையும் போடறேன். அப்பாகிட்டயும் சொன்னேன், "முன்னேறு வாலிபாவா?"ன்னு கேட்டுட்டு பாத்ரூம்ல போய்ப் பாடிக்கிட்டு இருக்காரு. வெள்ளிக்கிழமை பிரசன்டேஷன், முடிஞ்சதும் வந்து சொல்றேன்.